தண்ணீர் விடாத இரண்டு நாள்

ஒன்பது வயதில் நான் ஒரு வீட்டுச் சுவரைச் சாய்த்துவிட்டேன் என்பது எங்கள் சொந்தபந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, "இந்தப் புள்ளதானே அந்தச் செவுத்தச் சாச்சது?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். நானும் சிரித்து வைப்பேன். சிரிக்கப் பழகிவிட்டேனே தவிர, அன்றைக்கு அடித்த அதிர்ச்சி இன்னும் எனக்கு முழுதாகத் தெளியவில்லை.

வெண்ணந்தூரிலிருந்து ராசிபுரம் போகும் சாலையில் அப்பா ஹாலோ பிளாக் களம் வைத்திருந்தார். சிமெண்ட், கிரஷர் டஸ்ட், பொடி ஜல்லி மூன்றையும் கலவை மிஷினில் கொட்டி, புட்டு மாவுப் பதத்துக்குத் தண்ணீர் தெளித்து எடுப்பார்கள். அதைக் கல் அறுக்கும் மிஷினில் போட்டால், அது தடதடவென்று உதறி, நடுவில் இரண்டு ஓட்டை வைத்த கற்களைத் தரையில் இறக்கிவிட்டு, நாலடி நகர்ந்து மறுபடியும் இறக்கும். கோழி முட்டை இடுகிற மாதிரி என்பதால் வியாபாரத்தில் அதற்கு எக் லேயிங் மிஷின் என்றே பெயர். நாமக்கல் மாவட்டத்தில் மிஷினும் முட்டைதான் இடும் என்று லோடு ஏற்ற வரும் டிரைவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

கல் வாங்க வருகிறவர்களிடம் அப்பா பேசுவதைக் கேட்க எனக்கு மிகவும் பிடிக்கும். "செங்கல் நல்ல கல்லுதானுங்க, நான் குத்தஞ் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் குற்றம் மட்டுமே சொல்வார். சூளையில் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி வேகாது, நடுவில் இருப்பது கருகும், ஓரத்தில் இருப்பது அரைவேக்காடு. கட்டுவதற்கு முன் ஊறப்போட வேண்டும். சின்னக் கல், அதனால் நாளும் கலவையும் இழுக்கும். மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் ஃப்ளை ஆஷ் கல் சோப்புக் கட்டி மாதிரி அளவாக இருக்கும், ஆனால் அந்த வழவழப்பில் பூச்சு பிடிக்காமல் உதிரும். இதெல்லாம் முடிந்த பிறகு தன் கல்லுக்கு வருவார். ஒரு கல் வைத்தால் ஏழெட்டுச் செங்கல் வைத்த மாதிரி, வேலை சுருக்காக முடியும், உள்ளே ஓட்டை இருப்பதால் வெயில் இறங்காது, எடையும் குறைவு. மழைக்கு ஓதம் ஏறும் என்பதையும் ஓட்டைக்குள் பல்லி குடும்பம் நடத்தும் என்பதையும் சொல்ல மாட்டார். எங்கள் வீடும் அதே கல்லில் கட்டியதுதான். ஆணி அடித்தால் பொக்கென்று உள்ளே போய்விடும். "ஊரு பூராவும் கல்லு குடுக்கறாரு, நம்மூட்டுச் செவுத்துல ஒரு காலண்டர் மாட்ட வழியில்ல" என்று அம்மா அடுப்படியில் முனகிக்கொண்டே இருப்பாள்.

கல்லை இறக்குவது மிஷின் வேலை என்றால், அதற்குத் தண்ணீர் விடுவது என் வேலை. மறுநாளே அடுக்கிவிடுவார்கள். அதற்கப்புறம் காலையும் மாலையும் போர்த் தண்ணீரை ஹோஸ் பைப்பில் பீய்ச்சி இரண்டு வாரம் நனைக்க வேண்டும். "தண்ணி குடிச்சாத்தான் சிமெண்டு இறுகும் பாப்பா. இல்லீனா அது கல்லில்ல, வெறும் மண்ணு" என்று அப்பா சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. சீருடை நனையாமல் கல்லை நனைக்க நான் ஒருபோதும் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, வீடு கட்டப் போவதாகச் சொன்னார். பக்கத்து ஊரில் நான்கு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே குடும்பமும் நடத்திவந்ததால், தனியாக ஒரு வீடு வேண்டும் என்று அத்தை பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கள்ளங்கபடம் இல்லாத மனுஷர் மாமா. எனக்குக் காது குத்தியது அவர் மடியில்தான். எங்கள் வீட்டுப் பொங்கல் சீர் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டிலிருந்துதான் புகுந்த வீட்டுக்குச் சீர் வரும், இங்கிருந்து அங்கே போவது அபூர்வம். வாங்கிக்கொண்டே இருப்பது அம்மாவுக்கு ஒரு குறையாக இருந்திருக்க வேண்டும்.

மாமா விஷயத்தைச் சொல்ல வந்த அன்று அப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நின்று சொன்னார்.

"மச்சான், செவுத்துக்கு வேண்டிய கல்லு அத்தனையும் என்ற சீருங்க. ஒரு கல்லு நீங்க வெளிய வாங்கக் கூடாது."

"சூளைக் கல்லு போடலாம்னு நெனச்சிருந்தனுங்க மாப்ள" என்று மாமா தயங்கினார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாமாவும் பார்த்திருக்க மாட்டார் போல. "செரீங்க மாப்ள, நீங்க குடுக்கறதே போடலாம்" என்றார். அடுத்த ஒரு வாரம் ரேஷன் கடையில், பால் சொசைட்டியில், பேருந்து நிறுத்தத்தில் என்று அம்மா பார்த்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லித் தீர்த்தாள்.

ஆடியில் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள் என்பதால் களத்தில் அப்போது வேலை குறைவு. அந்த மாதத்தில் மாமா வீட்டுக் கல்லை அப்பா போட்டார். ஆட்களில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்ததால் கலவை மிஷினில் அவரே நின்றார். கல்லை அடுக்கி முடித்த இரண்டாவது நாள் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி தொடங்கியது. ராட்டினம் வந்திருந்தது. சித்தப்பா பிள்ளைகள் வந்திருந்தார்கள். அம்மா மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். அப்பா மிஷின் சாமான் வாங்கத் திருச்செங்கோடு போனவர், இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டார்.

இரண்டு நாளும் கல் பக்கம் நான் போகவே இல்லை. சாயங்காலம் போனில் அப்பா கேட்டார்.

"பாப்பா, கல்லுக்குத் தண்ணி உட்டியா?"

"உட்டுட்டேங்கப்பா."

அப்போது என் ஒரு கையில் பஞ்சு மிட்டாய் இருந்தது. பொய் இத்தனை சுலபமாக வாயில் வரும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது கல்லெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துக் கிடந்தது. பதறிப்போய் ஒரு மணி நேரம் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் நிற்கும்போதே அப்பா பைக்கில் வந்து இறங்கினார். இன்னும் தண்ணீர் படாத பக்கத்துக்குப் போய் ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கொட்டாய்க்குள் போய்விட்டார். எனக்கு உயிர் வந்தது. தப்பித்தேன் என்று மாரியம்மனுக்கு மனதுக்குள் ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். அந்தத் தேங்காயை இன்றுவரை உடைக்கவில்லை.

ஆவணியில் வேலை தொடங்கியது. சுவர் தினமும் வளர்ந்தது. நல்ல வேகம்தான், அப்பா சொன்னது அதில் பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எல்லோரும் போய்ப் பார்ப்போம். அங்கே மேஸ்திரியும் இரண்டு கொத்தனார்களும் மூன்று சித்தாள்களும் வேலை செய்தார்கள். சித்தாள்களில் ஒரு அக்கா என்னைக் கண்டால் விட மாட்டாள். "வாங்க கல்லுக்கார அம்மிணி, உங்க கல்லச் சொமந்து சொமந்து என்ற மண்டையெல்லாம் மண்ணு" என்று தலையைத் தட்டிக் காட்டுவாள். முடியிலிருந்து சாம்பல் நிறத்தில் பொடி உதிரும். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுவர் ஜன்னலுக்கு மேலே போயிருந்தது. வெளிப்பக்கம் சாரம் கட்டியிருந்தார்கள். சாரக் கம்பின் ஒரு முனையை வெளியே நட்ட கம்பத்தில் கட்டி, மறுமுனையைச் சுவரில் விட்டிருக்கும் பொந்தில் செருகி, மேலே பலகை போட்டிருப்பார்கள். ஆளையும் கலவையையும் அந்தச் சுவரே தாங்க வேண்டும். அம்மா எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா கலவைச் சட்டியோடு பலகையில் ஏறி நின்று, என்னைப் பார்த்து ஏதோ கேலி செய்ய வாயெடுத்தாள்.

சத்தம் பெரிதாக வரவில்லை. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம்தான். கம்பு செருகியிருந்த இடத்துக் கல் அப்படியே பொடிந்து இறங்கியது. பலகை ஒருபக்கமாகச் சரிந்தது. அக்காவும் சட்டியும் ஒன்றாகக் கீழே வந்தார்கள். அவள் விழுந்தபின்தான் மேலே இருந்த சுவர், யோசித்து யோசித்து முடிவெடுத்தது போல, மெதுவாக அவள் பக்கம் சாய்ந்தது. மேஸ்திரி குதித்தார். மாமா ஓடினார். புழுதி எழும்பி எல்லோரையும் மறைத்துவிட்டது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து அவள் அலறிய அலறல் இன்றைக்கும் என் ஈரக்குலையில் இருக்கிறது.

கற்களை அள்ளி எறிந்து அவளை வெளியே எடுத்தார்கள். ஒரு கால் முட்டிக்குக் கீழே பார்க்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. லோடு ஆட்டோவில் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் பிஸ்கட் பாக்கெட்டை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அழக்கூட வரவில்லை.

ஆட்டோ போனது. மாமா குனிந்து உடைந்த கல் ஒன்றை எடுத்தார். கட்டைவிரலால் அழுத்தினார். நாட்டுச் சர்க்கரை மாதிரி உதிர்ந்தது. மேஸ்திரியும் ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் நசுக்கிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து ஏதோ சொல்ல வாய் திறந்தார். அதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"இந்தக் கல்லையா சீருன்னு குடுத்தீங்க? நாங்க குடியிருந்தப்ப உழுந்திருந்தா?"

அம்மாவின் கையில் டீத் தூக்கு அப்படியே நின்றது. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் அவள் நின்ற நிற்பு எனக்குப் பயமாக இருந்தது. அடுத்து வரும் ஒரு வார்த்தையில் அவளுக்கு அண்ணன் இல்லாமல் போய்விடுவார் என்பது எனக்கே தெரிந்தது. அப்பா தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அப்புறம் யாரையோ தேடுவது போல எல்லோரையும் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நிறுத்தினார்.

"பாப்பா, இங்க வா."

போனேன். தோளில் கை வைத்தார். இத்தனை பரிவாக அவர் என்னிடம் பேசியதே இல்லை.

"நோம்பி ரெண்டு நாளும் இந்தக் கல்லுக்குத் தண்ணி உட்டியா, உடலியா? நெசத்தச் சொல்லு சாமி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்தே வைத்திருந்திருக்கிறார்! மாமா, அத்தை, மேஸ்திரி எல்லோர் கண்ணும் என் மேல் இருந்தது. அந்த அக்காவின் ஒரு செருப்பு கற்களுக்கு நடுவில் கிடந்தது. நான்தான் செய்தேன். பஞ்சு மிட்டாய் தின்றுகொண்டு ஒரு மனுஷியின் காலை உடைத்துவிட்டேன்.

"உடலீங்கப்பா."

"கேட்டுக்கங்க மச்சான்" என்றார் அப்பா. "கொழந்தைய நம்பி உட்டது என்ற தப்புத்தானுங்க."

மாமா கையில் ஒட்டியிருந்த பொடியை வேட்டியில் துடைத்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தலை நிமிரவில்லை. "ஆமாங்கண்ணா, நாந்தான் இவளக் கல்லப் பாத்துக்கச் சொன்னேன்" என்றாள், கேட்டும் கேட்காத குரலில். அப்புறம் மாமா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ஒன்பது வயதுப் பெண்ணை யாரும் இடுப்பில் தூக்க மாட்டார்கள்.

"உடுங்க மாப்ள. கொழந்த தானே. கொழந்த பண்ணுனதுக்கு என்ன பண்றது?"

மேஸ்திரி திறந்த வாயை மூடிக்கொண்டார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் என்னை மன்னித்துவிட்டார்கள். அப்படி ஒரு பெரிய மனசு உள்ள குடும்பத்தில் பிறந்ததற்காக நான் அன்று தேம்பித் தேம்பி அழுதேன். மீதிச் சுவரை இடித்துவிட்டுச் சூளைக் கல்லில் மாமா வீட்டைக் கட்டினார். தையில் பால் காய்ச்சினார்கள். அம்மா போனாள், பந்தியில் பரிமாறினாள், அண்ணன் எடுத்துக் கொடுத்த சேலையோடு வீட்டுக்கு வந்தாள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

எனக்குத்தான் தூக்கம் கெட்டது. கண்ணை மூடினால் அந்தக் கால் வரும். புரட்டாசியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும், வீட்டிலிருந்து எடுத்து ஒளித்து வைத்திருந்த ஐந்து முட்டைகளோடு அந்த அக்கா வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் மாவுக்கட்டுக் காலை நீட்டிப் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"அட, கல்லுக்கார அம்மிணியா! தனியாவா வந்த?"

முட்டைகளைக் கட்டில் மேல் வைத்துவிட்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். ராட்டினம், போன், பொய், எல்லாம். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் அடிக்கவில்லை. என் தலையில் கை வைத்தாள்.

"உன்னயவா சாமி சொன்னாங்க?" என்றாள். அவள் குரலே மாறிவிட்டது. "ரெண்டு நாளு தண்ணி இல்லாததுக்குக் கல்லு இப்பிடி ஆவாது. பாஞ்சு வருசமாக் கல்லு சொமக்கறேன். தலையில வெச்சதுமே தெரியும், இதுல சிமெண்டே இல்லன்னு. மேஸ்திரிகிட்டச் சொன்னேன். சொந்தக்காரங்க குடுத்தது, பேசாம ஏத்துன்னாரு. உம்மேல ஒண்ணுமில்ல, போ."

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். கால் உடைந்தவள் உடைத்தவளைத் தேற்றுகிறாளே என்று எனக்கு அவள் மேல் அளவில்லாத மரியாதை வந்தது.

பின்னால் நான் சிவில் படித்தேன். லேபில் நாங்களே கல் போட்டு, சிலவற்றை ஒழுங்காக நனைத்து, சிலவற்றை வேண்டுமென்றே காயவிட்டு, மிஷினில் வைத்து நசுக்கிப் பார்த்தோம். காயவிட்ட கல்லுக்குப் பலம் குறைந்துதான் இருந்தது. ஆனால் அதையும் நொறுக்க அந்த மிஷின்தான் வேண்டியிருந்தது. கட்டைவிரலால் ஒன்றும் ஆகவில்லை. நான் விரல் வலிக்க வலிக்க அழுத்திக்கொண்டே நின்றேன். காசு கொடுத்து வாங்கிய யாருக்கும் அப்பா அப்படிச் சிமெண்ட் இல்லாமல் கல் போட்டதில்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். எச்சில் கையோடு வாய் நிறையச் சொல்லிவிட்ட சீரைத் தாங்க அவருக்குத் தெம்பில்லை. அதை வெளியே சொல்லவும் தெம்பில்லை. கல்லைத் தொட்ட மாமாவுக்கும் நசுக்கிய மேஸ்திரிக்கும் அது அப்போதே தெரிந்திருக்கும். அன்று அந்த இடத்தில் நின்ற அத்தனை பேரிலும் நான் ஒருத்திதான் அந்தத் தண்ணீர்க் கதையை நம்பியவள்.

அக்கா வீட்டிலிருந்து திரும்பி வந்த கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. துள்ளிக் குதித்துக்கொண்டு ஓடிவந்தேன். அம்மா அடுப்படியில் கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அப்பா வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்த அக்கா எம்மேல தப்பே இல்லன்னு சொல்லுச்சு! தண்ணி உடாததுக்கு அப்பிடி ஆவாதாமா, கல்லுல சிமெண்டே..."

முடிக்கவில்லை. மாவு ஒட்டிய கை என் வாயைப் பொத்தியது. மூச்சு முட்டும்படி பொத்தியது. அம்மா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, என் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"நீதான் தண்ணி உடல. ஆரு கேட்டாலும் அதத்தான் சொல்லோணும். செரியா? சொல்லு, நீதான் உடல."

பொத்திய கைக்குள்ளிருந்தே தலையை ஆட்டினேன். அடிபட்டவளே மன்னித்துவிட்டாள், பெற்றவளுக்கு மனசு வரவில்லையே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் வாயின் மேல் அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அத்தனை கோபம் என் மேல் என்று நினைத்தேன்.